குவென்லியனுக்கு இன்னொரு பெயர்

எங்கள் மருத்துவமனையில் ரூபி சிஸ்டருக்குப் பயப்படாதவர்கள் குறைவு. ஆண்கள் வார்டில் எப்பேர்ப்பட்ட சண்டியரும் அவர் ஊசியோடு வந்து நின்றால் பேசாமல் சட்டைக் கையை மடித்துவிடுவார். ஆனால் ஜூன் பிறந்து, மேற்கே மலை கறுத்து, தென்காசி முழுக்கச் சாரல் காற்று அடிக்கத் தொடங்கினால் அந்த ரூபி சிஸ்டர் காணாமல் போய்விடுவார். மாடிப்படி ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, முகத்தில் தூறல் விழ, அப்படியே நிற்பார்.

"அங்கனயும் இப்பிடித்தான் நிலோபர். வெயிலும் இருக்கும், மழையும் இருக்கும். ஒரே நேரத்துல."

அங்கன என்றால் வேல்ஸ். இங்கிலாந்துக்கு மேற்கே, மலையும் கடலோரமுமாக இருக்கிற சின்ன நாடு. ரூபி சிஸ்டர் அங்கே ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். நான் லேப்பில் இரத்தம் எடுக்கிறவள். மதியம் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவர் கதையை நான் ஒரே நாளில் கேட்கவில்லை. டிபன் பாக்ஸ் திறந்திருக்கிற நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது. கடைசிப் பகுதியை மட்டும் கூடவே இருந்து பார்த்தேன்.

ரூபி தென்காசிப் பெண். அப்பா பஜாரில் கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்றவர். நர்சிங் முடித்ததும் அச்சன்புதூர் பென்னியைக் கட்டிக்கொண்டார். பென்னி வீட்டில் நெல் விவசாயம். மூன்று ஆண்மக்களில் அவர் கடைசி. கல்யாணமான மறுவருடம் ரூபிக்கு வேல்ஸின் வடக்கே பாங்கர் என்ற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. பின்னாலேயே பென்னியும் போய் அதே இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுத்திவிடும் வேலையில் சேர்ந்தார்.

முதல் குளிர்காலம் ரூபியைப் படாதபாடு படுத்தியது. பிற்பகல் முடியுமுன்பே இருட்டிவிடும். ஊர் நினைப்பு வந்தால் சோறு இறங்காது. அந்த இல்லத்தில் சமையல் பார்த்த எலெரி, ரூபியின் வயதுக்காரி. சிவந்த முகம், பெரிய தொண்டை. சாப்பிடாமல் தட்டைத் திருப்பி வைத்த ரூபியைப் பார்த்து ஒருநாள் கேட்டாள்: "உங்கள் ஊரில் என்னதான் இருக்கிறது, இப்படி ஏங்குகிறாய்?"

"அருவி இருக்கு," என்றார் ரூபி.

"அவ்வளவுதானா? அது எங்களிடமும் இருக்கிறது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எலெரி அவர்கள் இருவரையும் தன் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டு ஆபர் என்ற கிராமத்துக்குப் போனாள். அங்கிருந்து ஓடையோரமாக மேலே நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் பாசி பிடித்த மரங்கள், வேலிக்கு அப்பால் செம்மறி ஆடுகள். அருவி கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. "அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் காலு நகரல நிலோபர். குத்தாலத்துல கடைகளத் தாண்டி நடக்கும்போது சத்தம் மட்டும் முதல்ல வரும்லா? அதே சத்தம்." வழியிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்.

பென்னிக்கு அழுகை வரவில்லை. அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "குளிக்க ஒரு ஆளு இல்ல, எண்ணெ தேய்க்க ஆளு இல்ல, சிப்ஸ் கடை இல்ல, போலீஸ் விசில் இல்ல. இது என்ன அருவிட்டி?" அழுதுகொண்டிருந்த ரூபி சிரித்துவிட்டார். அதை எலெரிக்கு விளக்குவதற்குள் மழை வந்துவிட்டது.

இறங்கி வரும்போது கிராமத்தின் ஓரத்தில் எலெரி காரை நிறுத்தினாள். ஒரு புல்மேட்டையும், தூரத்தில் மரங்களுக்கு நடுவே தெரிந்த ஒரு பழைய வீட்டையும் காட்டினாள். "எங்கள் இளவரசர்களின் அரண்மனை இங்கேதான் இருந்தது. இந்த மேட்டிலா, அந்த வீட்டிலா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள்."

"இளவரசரா? லண்டன்ல இருக்காரே, அவரா?" என்று பென்னி கேட்டுவிட்டார்.

எலெரிக்குக் கோபம் வந்துவிட்டது. "வேல்ஸ் இளவரசர் என்கிற அந்தப் பட்டமே எங்களிடமிருந்து பறித்தது," என்றாள். நேற்றுத்தான் யாரோ வீடு புகுந்து பறித்துக்கொண்டு போன மாதிரி அவள் முகம் இருந்ததாம். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அந்த அருவிப் பாதையில் நடப்பதும், எலெரி கதை சொல்வதும் வழக்கமாயிற்று.

எண்ணூறு வருடத்துக்கு முந்தைய கதை. வடக்கு வேல்ஸை ஆண்ட வம்சத்தில் லிவெலின் என்று ஒருவன். நாட்டில் பெரும்பகுதியைத் தன் கைக்குள் கொண்டுவந்தவன். இங்கிலாந்து ராஜாவின் மகளையே கட்டினான். அவர்கள் வழக்கப்படி தகப்பன் சொத்து எல்லா மகன்களுக்கும் பங்கு. வேறொருத்திக்குப் பிறந்தவனுக்கும் உண்டு. நாட்டைத் துண்டு போட்டால் நிலைக்காது என்று நினைத்த லிவெலின், ராஜா மகள் பெற்ற பிள்ளைக்கே முழுவதையும் எழுதினான். வேறொருத்தி பெற்ற மூத்தவன் கிரிஃபித்துக்கு ஒன்றுமில்லை. கிரிஃபித் கடைசியில் லண்டன் கோட்டையில் சிறையிருந்தான். அங்கே படுக்கைத் துணிகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கி ஜன்னல் வழியே இறங்கினான். கனத்த உடம்பு. பாதியில் கயிறு விட்டுப்போய் விழுந்து செத்தான்.

"முடிச்சு சரியாப் போடல," என்றாராம் ரூபி. கயிற்றுக்கடைக்காரர் மகள் அல்லவா.

அந்த கிரிஃபித்துக்கு நான்கு மகன்கள். ஓவைன், தாத்தா பெயரையே வைத்த லிவெலின், டாவித், ரோத்ரி. மறுபடியும் பங்குச் சண்டை. இரண்டாமவன் லிவெலின் ஒரே போரில் அண்ணனையும் தம்பியையும் தோற்கடித்து, அண்ணன் ஓவைனைப் பிடித்து அடைத்துவிட்டான். இருபது வருடத்துக்கு மேல் வெளியே விடவில்லை.

"கூடப்பெறந்த அண்ணனையா?" என்று கேட்டார் பென்னி.

"கூடப்பிறந்த அண்ணனைத்தான். டாவித் இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு இங்கிலாந்து ராஜா பக்கம். ரோத்ரி தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு இங்கிலாந்தில் போய்க் குடியேறிவிட்டான்."

பென்னி நடையை நிறுத்திவிட்டார். "ஏட்டி ரூபி, இது எங்க வீட்டுக் கதெல்லா! பெரியண்ணன்தான் ஓவைன், சின்னண்ணன் லிவெலின். இன்னும் பம்புசெட்டு ரூமுக்குள்ள போட்டுப் பூட்டல, அது ஒண்ணுதான் கொறை."

"அப்ப நீங்க யாரு?"

"நான் ரோத்ரி. ஒரு வம்பும் வேண்டாம்னு கெளம்பி இங்கன வந்துட்டேம்லா."

அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னதும் எலெரி ஓடையோரம் உட்கார்ந்து சிரித்தாளாம். அதிலிருந்து பென்னிக்கு அந்த இல்லத்தில் ரோத்ரி என்றே பெயராகிவிட்டது.

ஆனால் கதையின் கடைசிப் பகுதியை எலெரி சிரிக்காமல்தான் சொன்னாள். லிவெலினை வேல்ஸ் முழுமைக்கும் இளவரசன் என்று இங்கிலாந்து ராஜாவே ஒப்புக்கொண்டிருந்தான். பிறகு பகை வந்தது. லிவெலின் வயது போன காலத்தில்தான் எலினோர் என்பவளைக் கட்டினான். ஆபரில் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தில் தாய் போய்விட்டாள். அந்த வருடம் முடிவதற்குள் லிவெலினையும் கொன்று, தலையை லண்டனுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். டாவித்தையும் கொன்றார்கள். டாவித்தின் பையன்களைச் சிறையில் போட்டார்கள். மிச்சமிருந்தது தொட்டில் குழந்தை. அவள் வளர்ந்து யாரையாவது கட்டினால் வம்சம் தழைத்துவிடும் என்று, இங்கிலாந்தின் கிழக்குக் கோடியில் இருந்த ஒரு கன்னியர் மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஐம்பத்து நான்கு வயதில் சாகும்வரை அவள் அங்கேதான் இருந்தாள். திரும்பி வரவே இல்லை.

"அவள் பெயர் குவென்லியன்," என்றாள் எலெரி. "அங்கே யாருக்கும் அதைச் சொல்ல வரவில்லை. எப்படியெப்படியோ எழுதி வைத்தார்கள். தன் பெயரை எப்படிச் சொல்வது என்று அவளுக்கே தெரிந்திருக்காது."

ரூபிக்கும் சொல்ல வரவில்லை. நடுவில் வரும் 'ல்' நம்முடைய ல் அல்ல. நாக்கை மேலே ஒட்டவைத்துக்கொண்டு இரண்டு ஓரமும் காற்றை விட வேண்டும். பதிலுக்கு ரூபி 'தமிழ்' சொல்லித் தந்தார். "எலெரிக்குச் சொல்லிக் குடுக்கும்போதுதான் நெனச்சேன், நானே வீட்டுல பளம், வாளைப்பளம்னுதானே சொல்லுதேன். கோயில்ல வேதம் வாசிக்கும்போது மட்டுந்தான் எனக்கு ழ வரும்." பாத்திரம் கழுவிக்கொண்டே இருவரும் இதைப் பழகுவார்களாம். கேட்கிறவர்களுக்குப் பூனையும் பாம்பும் சண்டை போடுகிற மாதிரி இருக்கும் என்பார் பென்னி.

ரூபி உண்டானதும், ஜூனில் பாங்கர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்ததும் அதற்கடுத்த வருடங்களில். எலெரிதான் முதலில் தூக்கியது. தூக்கியதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"வேண்டாம்," என்றார் ரூபி. "அந்தப் பிள்ளைக்கு நடந்தது எம் பிள்ளைக்கு நடக்கவா?"

எலெரி குழந்தையைத் தாயிடம் கொடுத்தாள். "அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லை. இதற்கு நீ இருக்கிறாய்."

ரூபி அன்று முழுக்க யோசித்தார். மறுநாள் பெயர் பதியும்போது குவென்லியன் என்றே சொன்னார். ஊரிலிருந்து ரூபியின் அம்மா போனில் கேட்டார்களாம்: "என்னட்டி பேரு இது, காய்ச்சல் மாத்திரை பேரு மாதிரி?"

பிள்ளை அங்கே வேல்ஸ் மொழிப் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. வீட்டில் தமிழ், பள்ளியிலும் எலெரியிடமும் வேல்ஸ் மொழி. மழை பெய்தால் "பூரூ க்ளவ்" என்று கத்திக்கொண்டு ஓடும். அத்தையை அவர்கள் மொழியிலும் ஆன்டி என்றுதான் சொல்வார்களாம். அந்த ஒரு வார்த்தை மட்டும் பிள்ளைக்கு எந்த மொழி என்றே தெரியாது. மூன்று பேருமாக அருவிக்குப் போவார்கள். பிள்ளை ஓடையில் கல்லெறியும். எலெரி சாண்ட்விச் கொண்டுவருவாள், ரூபி லெமன் சாதம். அந்த நாட்களைச் சொல்லும்போது ரூபி சிஸ்டர் கையில் பிசைந்த சோறு காய்ந்துபோகும்.

பிள்ளைக்கு ஏழு வயதில் பென்னியின் அப்பா பக்கவாதத்தில் விழுந்தார். அண்ணன்மார் இருவரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ரோத்ரிதான் கிளம்ப வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று குளிர்கோட்டுகளை எலெரி வீட்டு அலமாரியிலேயே தொங்கவிட்டு வந்தார்கள். பெரியவர் வருடக்கணக்கில் படுத்துவிட்டார். விசா முடிந்தது. ரூபி எங்கள் மருத்துவமனையில் சேர்ந்தார். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரத்தில் வீடு பிடித்தார்கள்.

முதலில் பிள்ளை வாரம் ஒருமுறை எலெரியோடு போனில் கலகலவென்று பேசும். பிறகு திணறியது. பிறகு, எலெரி போன் என்றாலே கட்டிலுக்கு அடியில் ஒளிய ஆரம்பித்தது. ஒருநாள் ரூபி குனிந்து, "ஆன்டி பேசணும்னு காத்திருக்கா, வா," என்றார். "எனக்கு வார்த்தை வரமாட்டுக்கு அம்மா," என்று அது அழுதது. ரூபி போனை எடுத்து, பிள்ளை தூங்கிவிட்டது என்று சொல்லிவிட்டார். தானும் ஒரு குவென்லியனை அங்கிருந்து பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டோம் என்ற நினைப்பு அன்றைக்குத்தான் அவருக்குள் விழுந்தது. பிறகு அது அவரை விட்டுப் போகவில்லை.

அந்தப் பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். மருத்துவமனைக்கு வந்தால் என் மைக்ராஸ்கோப்பைப் பார்க்காமல் போகாது. நெட்டையாக, வாய் ஓயாமல், கபடி விளையாடி முட்டியெல்லாம் தழும்போடு வளர்ந்தது. வீட்டில் லியன். பள்ளியில் குயில், வில்லியம், குயினி, எது வாயில் வருகிறதோ அது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரியில் சேர இருந்த சமயம், இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே சொல்லியிருக்கிறாள்:

"அம்மா, நான் பேரை மாத்தப் போறேன். ஜெனிஷா."

ரூபி கரண்டியை வைத்துவிட்டார். "எதுக்கு?"

"ஆதார்ல ஒரு மாதிரி இருக்கு, மார்க் ஷீட்டுல ஒரு மாதிரி இருக்கு. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது டீச்சர் நிறுத்திட்டு மேல பாத்தா நான் கையைத் தூக்கிருவேன், அது எம் பேருதான்னு. போற எடத்துல எல்லாம் நான் யாருன்னு வெளக்கம் சொல்லிட்டே இருக்கணுமா?"

"அது வேண்டாத பேரா உனக்கு?"

"எனக்கே சொல்லத் தெரியாத பேரும்மா அது."

பல நாள் தாயும் மகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பென்னி நடுவில் புகுந்து, "அவளுக்குப் பதினெட்டு ஆயிட்டு, அவ பேரு அவ பங்கு," என்று சொல்லி இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மதியம் சாப்பிடும்போது ரூபி சிஸ்டர் என்னிடம் சொன்னார்: "அவ அங்கன பெறந்தாங்கிறதுக்கு அந்தப் பேரு மட்டுந்தான் மிச்சம். அதயும் அழிக்கணும்ங்கா."

"அந்த இளவரசி கதை அவளுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

"சொன்னதில்ல. தாய் செத்து, தகப்பன் தலைய வெட்டி... பிள்ளைட்ட இத எப்பிடிச் சொல்ல?"

அந்த ஜூலையில்தான் எலெரி வந்தாள். டிக்கெட்டுக்குக் காசு சேர்ந்ததும் செய்கிற முதல் காரியம் இதுதான் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், சொன்னபடியே பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள். வீட்டு வாசலில் நின்றிருந்த பெண்ணைப் பார்த்ததும் தன் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னாள். லியன் சிரிக்கப் பார்த்து, முடியாமல், "சாரி ஆன்டி, மறந்துட்டேன்," என்றாள் இங்கிலீஷில். எலெரி அவள் கன்னம் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "நீ இவ்வளவு உயரமாகிவிட்டாய் என்றுதான் சொன்னேன். அதற்கு எந்த மொழியும் வேண்டாம்," என்றாள்.

கூட்டம் குறைந்த ஒரு வாரநாளில் பழைய குற்றாலத்துக்குப் போனோம். நானும் லீவு போட்டேன். ரூபி சிஸ்டரின் நைட்டியைப் போட்டுக்கொண்டு எலெரி பெண்கள் பக்கம் நின்றாள். தண்ணீர் தலையில் விழுந்ததும் போட்ட கூச்சலில் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. புளியங்குடியிலிருந்து வந்திருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, நடுவிலேயே இடம் கொடுத்தார்கள். "எண்ணூறு வருடமாக எங்கள் அருவியை வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோமே," என்று மூச்சிரைக்கச் சொன்னாள்.

குளித்து, தலை துவட்டி, சூடான மிளகாய் பஜ்ஜியோடு படியில் உட்கார்ந்தோம். பெயர் விஷயம் எப்படியோ வந்துவிட்டது. எலெரி கோபப்படவில்லை. "மாற்றிக்கொள். ஆனால் எதை மாற்றுகிறாய் என்று கேட்டுவிட்டு மாற்று," என்றாள். ரூபி சிஸ்டரைப் பார்த்தாள். அவர் சரி என்று தலையை அசைத்தார். எலெரி முதலிலிருந்து சொன்னாள். பங்கு கேட்ட மகன்கள், அவிழ்ந்த கயிறு, அடைபட்ட அண்ணன், தொட்டிலோடு போன பிள்ளை.

லியன் பஜ்ஜியைத் தொடவே இல்லை. முடிந்ததும் கேட்டாள்: "ஓடிப்போகப் பாத்தாளா?"

"தெரியாது."

"அங்க அவளுக்கு ஃபிரெண்ட்ஸ் இருந்தாங்களா?"

"தெரியாது கண்ணே. யாரும் எழுதி வைக்கவில்லை."

லியன் அம்மா பக்கம் திரும்பித் தமிழில் பேசினாள். "ரெண்டு பேரும் அவ எதையெல்லாம் எழந்தாள்னே சொல்லுதிய. அம்பது வருசம் ஒருத்தி அழுதுட்டேவா இருந்திருப்பா? கைக்குழந்தையா போனவ. அவளுக்கு அந்த மடந்தான ஊரு? அங்கனயும் ஒரு சிநேகிதி இருந்திருப்பா, சண்டை போட்டிருப்பா, சிரிச்சிருப்பா. அவங்க எப்பிடிக் கூப்பிட்டாங்களோ அதுதான் அவளுக்குப் பேரு." பஜ்ஜியை அம்மா பக்கம் நகர்த்தி வைத்தாள். "என்னைய யாரும் தூக்கிட்டு வந்து அடைக்கலம்மா. எனக்கு இந்த ஊருதான். உனக்குத்தான் அந்த ஊரு."

ரூபி சிஸ்டர் அதை எலெரிக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிச்சத்தை நான்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

எலெரி அருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சின்ன வயதிலிருந்து இந்தக் கதைக்காக அழுதிருக்கிறேன்," என்றாள். "அவள் சிரித்திருப்பாள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை." பிறகு லியனின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். ரூபி சிஸ்டர் மகளின் ஈரக் கூந்தலில் சிக்கெடுக்க ஆரம்பித்தார். அதுதான் அவர்களுக்குள் சமாதானம்.

கெஜட்டில் ஜெனிஷா என்று வந்தது. விண்ணப்பத்துக்கு அலைந்தது ரூபி சிஸ்டர்தான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள், விலங்கியல். பென்னி அச்சன்புதூர் நிலத்தில் தன் பங்கைச் சின்னண்ணனுக்கே குத்தகைக்கு விட்டார். பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை.

அடுத்த வருடம் செப்டம்பரில் ரூபி சிஸ்டர் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தபோது எங்கள் மேட்ரன் நம்பவில்லை. ஆனால் வேல்ஸுக்குப் போனார், தனியாக. பெட்டி அடுக்கியது மகள். அந்த முதியோர் இல்லம் இப்போது இல்லையாம், குடியிருப்பு வீடுகளாக்கிவிட்டார்களாம். எலெரிக்கு முட்டி வலி. அருவிப் பாதையில் இருவரும் பாதி தூரம்தான் நடந்தார்கள். சத்தம் கேட்கிற இடம் வரை போய் உட்கார்ந்தார்களாம்.

அங்கிருந்து வீடியோ காலில் வந்தபோது நானும் மேலகரம் வீட்டில் இருந்தேன். ரூபி சிஸ்டரின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. மூக்கெல்லாம் சிவந்து, சின்னப் பெண் மாதிரி இருந்தார். பின்னால் எலெரி, "ஜெனீஷா! ஜெனீஷா!" என்று தப்பாக நீட்டிக் கூப்பிட்டுக் கையாட்டினாள்.

"ஏட்டி, உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டார் ரூபி சிஸ்டர்.

"காலேஜ்ல மூணாறு டூர் போறோம்மா. கம்பளித் தொப்பி ஒண்ணு வாங்கிட்டு வா," என்றாள் ஜெனிஷா. "நல்ல கலரா பாத்து எடு. ஒன் டேஸ்ட்டுக்கு எடுத்துராத, எலெரி ஆன்டிட்ட கேளு."